பத்திரிகை வராத நகரில் நடந்த ஆட்டம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

கடந்த ஞாயிறு இதழின் விளையாட்டுப் பக்கத்தில், அமெரிக்கக் கல்லூரி அணிகள் பருவம் முடிந்த பின் ஆடும் கிண்ணப் போட்டிகளைப் பற்றி ஒரு குறிப்பு வந்திருந்தது. அதன் கீழே, நமது யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் லீக் ஆட்டங்கள் முடிந்த கையோடு மார்கழி மாதத்தில் அத்தகைய அழைப்புப் போட்டியொன்றை நடத்தினால் என்ன என்ற யோசனையும் இருந்தது. கொழும்பிலிருந்து ஓர் அணியையும் புலம்பெயர்ந்த இளைஞர்களின் அணியொன்றையும் அழைத்துத் துரையப்பா விளையாட்டரங்கில் ஆடவைக்கலாம் என்பதே அந்த யோசனையின் சாரம். சொன்னவரின் ஆர்வத்தை நான் குறைவாக மதிக்கவில்லை. ஆயினும் அதே அமெரிக்காவில், அதே மார்கழியில், இதே போன்ற நல்லெண்ணத்தோடு தொடங்கி இரண்டே ஆட்டங்களோடு முடிந்துபோன ஒரு கிண்ணத்தின் கதையைத் தங்கள் வாசகர்கள் அறிந்துவைத்திருப்பது நல்லதென்று நினைக்கிறேன். அந்தக் கதையில் பத்திரிகைகளுக்கும் ஒரு பங்கு உண்டு என்பதனால் இதைத் தங்களுக்கே எழுத வேண்டியதாயிற்று.

கதைக்கு முன் ஒரு சிறு திருத்தம். அக்குறிப்பின் தலைப்பில் ‘உதைபந்தாட்டம்’ என்று மட்டும் அச்சாகியிருந்தது. நம் ஊரில் உதைபந்தாட்டம் என்றால் குருநகர், பாசையூர், நாவாந்துறைப் பிள்ளைகள் கடற்கரை மணலில் வெறுங்காலோடு பழகிய ஆட்டம் என்பதில் எவருக்கும் மயக்கமில்லை. அமெரிக்கர் அப்பெயரால் அழைப்பதோ றக்பியின் பங்காளி ஒன்றை. நீள்வட்டப் பந்தைக் கையால் எறிந்தும் ஏந்திக்கொண்டு ஓடியும், 100 யார் நீளமான மைதானத்தில், அணிக்கு 11 பேர் தலைக்கவசத்தோடு மோதும் ஆட்டம் அது. எதிரணியின் எல்லைக்கோட்டைக் கடந்து பந்தைக் கொண்டுசேர்த்தால் 6 புள்ளிகளும், காலால் உதைத்துக் கம்பங்களுக்கிடையே செலுத்தினால் 3 புள்ளிகளும் கிடைப்பதனால் 36க்கு 34 என்பது போன்ற முடிவுகள் அங்கே சாதாரணமாக வருகின்றன. தலைப்பில் ‘அமெரிக்க’ என்ற ஒரு சொல்லைச் சேர்த்திருந்தால், என் பேரன் அந்த எண்ணிக்கைகளைப் பார்த்துவிட்டு, ‘அப்பப்பா, கோல்காப்பாளர்கள் எல்லாரும் நித்திரையோ?’ என்று கேட்டிருக்க மாட்டான்.

இன்னொன்றும் உண்டு. அவர்கள் ‘போல்’ என்று சொல்வது கிண்ணத்தை. அதை அப்படியே ‘ரோஸ் போல்’ என்று எழுதினால், முப்பத்தோராண்டு தமிழ் கற்பித்த என் கண்ணுக்கு அது உவம உருபாகவே படுகிறது. ரோசாவைப் போல இருப்பது எது என்று மனம் தேடத் தொடங்கிவிடுகிறது. ஆகவே இக்கடிதத்தில் கிண்ணம் என்றே எழுதுகிறேன். வென்றவர் தூக்கிப்பிடிக்கும் கிண்ணம் அன்று அது. கிண்ணத்தைப் போலக் குழிந்த விளையாட்டரங்குக்கு வைத்த பெயர் பின்னர் அதில் நடக்கும் ஆட்டத்துக்கே ஆகிவந்தது. இடவாகுபெயருக்கு வகுப்பில் புதிய உதாரணம் தேடும் ஆசிரியர்கள் இதனைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

இப்போட்டிகளின் மூத்த பிள்ளை ரோசாக் கிண்ணம். கலிபோர்னியாவின் பசடீனா நகரத்தார் புத்தாண்டு நாளில் நடத்திவந்த மலர் விழாவோடு 1902 ஜனவரி 1 ஆம் திகதி ஓர் ஆட்டத்தையும் சேர்த்துக்கொண்டார்கள். மிச்சிகன் அணி ஸ்ரான்போர்ட் அணியை 49க்கு 0 என்று அடித்துத் துவைத்துவிட்டது. பார்த்தவர்கள் அலுத்துப்போனார்கள், 1916 வரை அந்த ஆட்டம் திரும்ப நடக்கவில்லை, இடையிற் சில ஆண்டுகள் அதற்குப் பதிலாகக் குதிரை பூட்டிய இரதங்களை ஓடவிட்டார்கள். பிறகுதான் அது நிலைபெற்றது. அதன் வெற்றியைக் கண்டு 1935இல் மயாமியில் தோடம்பழக் கிண்ணமும் நியூ ஓர்லியன்ஸில் சீனிக் கிண்ணமும், 1937இல் டலஸ் நகரிற் பருத்திக் கிண்ணமும் தோன்றின. இன்று நாற்பதுக்கு மேற்பட்டவை நடக்கின்றன. ஒரு விடயத்தை மட்டும் கவனிக்க வேண்டும். தொடக்க காலத்தில் நிலைத்த கிண்ணங்கள் யாவும், மற்ற ஊர்கள் குளிரில் விறைத்துக் கிடக்கும் நாட்களில் வெயில் காயும் ஊர்களிலேயே பிறந்தன. ஆட்டத்தைக் காட்டி உல்லாசப் பயணிகளை அழைப்பதே ஊர்ப் பெரியவர்களின் கணக்கு. தரவரிசையில் அல்லாமல் விழாக் குழுவின் அழைப்பிலேயே அணிகள் வந்தன என்பதும் அதனோடு சேர்ந்தது.

நிலைக்காமற் போனவற்றுக்கும் குறைவில்லை. கென்ரக்கி மாநிலத்தின் லூயிவில் நகரில் 1958இல் ஒரேயொரு முறை நடந்து மறைந்த கிண்ணமும் உண்டு, கியூபாவின் ஹவானாவில் 1937 புத்தாண்டு நாளில் ஓபர்ன், வில்லனோவா அணிகள் 7க்கு 7 என்று சமநிலையில் முடித்த ஆட்டமும் உண்டு. குறுகிய ஆயுள் எல்லாம் தோல்வி என்றும் கொள்ளக்கூடாது. கலிபோர்னியாவின் கல்லூரி அணியொன்று 1960 ஒக்ரோபரில் ஒகாயோவில் ஆடிவிட்டுத் திரும்பும்போது விமானம் விழுந்து 22 பேர் இறந்தார்கள். அந்தக் குடும்பங்களுக்காக மறு ஆண்டு நவம்பரில் லொஸ் ஏஞ்சல்ஸில் ‘இரக்கக் கிண்ணம்’ என்ற பெயரில் ஓர் ஆட்டம் நடத்தப்பட்டது. அது ஒருநாட் காரியமாகவே நினைக்கப்பட்டு, நினைத்தபடியே நிறைவேறியது. நான் சொல்ல வந்தது, நீடிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டும் நீடிக்காத ஒன்றைப் பற்றி.

அதன் பெயர் கோதம் கிண்ணம். கோதம் என்பது நியூயோர்க் நகரத்தின் பழைய பட்டப்பெயர். இத்தனை பெரிய நகரத்துக்கு ஒரு கிண்ணம் இல்லாதிருப்பதா என்ற எண்ணத்தில் 1960இல் முதலாவது ஆட்டத்துக்கு ஏற்பாடு செய்தார்கள். ஒரிகன் ஸ்ரேற் அணி வரச் சம்மதித்தது. எதிர்த்து ஆட ஓர் அணி கிடைக்கவில்லை. மாப்பிள்ளை மணவறையில் வந்து குந்திய பிறகு பெண் தேடிய கலியாணம் மாதிரி அவ்வருட ஆட்டம் கைவிடப்பட்டது. மறு ஆண்டு டிசெம்பர் 9 ஆம் திகதி, போலோ கிரவுண்ட்ஸ் என்ற பழைய அரங்கில், டெக்சாஸிலிருந்து வந்த பேய்லர் அணி அதுவரை தோல்வியே காணாதிருந்த யூட்டா ஸ்ரேற் அணியை 24க்கு 9 என்று வென்றது. பார்க்க வந்தவர்கள் 15,123 பேர். ஐம்பதினாயிரத்துக்கு மேல் கொள்ளும் அரங்குக்கு அது போதாதுதான். ஆனாலும் கன்னி முயற்சி என்று சமாதானம் சொல்லிக்கொள்ள இடமிருந்தது. 1962 டிசெம்பர் 15 ஆம் திகதி, சனிக்கிழமை, யாங்கி ஸ்ரேடியத்தில் இரண்டாவது ஆட்டம். நெப்ராஸ்கா அணியும் மயாமி அணியும் மோதின. அறுபதாயிரத்துக்கு மேற்பட்டோர் அமரக்கூடிய அவ்வரங்கில் அன்று இருந்தவர்கள் 6,166 பேர். அத்தோடு கோதம் கிண்ணம் முடிந்தது.

இந்த ஆட்டத்தைப் பற்றி நான் முதலிற் கேள்விப்பட்டது நூலிலோ இணையத்திலோ அன்று. நெப்ராஸ்கா மாநிலத்தின் தலைநகரான லிங்கனில் வேலைபார்க்கும் என் பெறாமகன் வீட்டில் 2018ஆம் ஆண்டு புரட்டாதியிலிருந்து இரண்டு மாதம் தங்கியிருந்தேன். அங்கே சனிக்கிழமையென்றால் ஊர் முழுவதும் சிவப்பு. கடைக்காரர், தபாற்காரர், தள்ளுவண்டியிற் கிடக்கும் கைக்குழந்தை வரை எல்லோருக்கும் சிவப்புச் சட்டை. பல்கலைக்கழக விளையாட்டரங்கு நிரம்பும் அந்த மூன்று நான்கு மணித்தியாலத்துக்கு, ஒமாஹாவுக்கும் லிங்கனுக்கும் அடுத்ததாக அம்மாநிலத்தின் மூன்றாவது பெரிய பட்டினம் அந்த அரங்குதான் என்று அவர்கள் பெருமையாகச் சொல்வார்கள். கணக்குப் பார்த்தால் அது மிகையும் அல்ல. 1962 நவம்பர் 3 ஆம் திகதியிலிருந்து அந்த அரங்கில் நடந்த ஒவ்வோர் ஆட்டத்துக்கும் சீட்டுக்கள் முழுவதும் விற்றுத் தீர்ந்திருக்கின்றன. அந்தத் தொடர் இன்று 400ஐத் தாண்டிவிட்டது. திகதிகளைத் தயவுசெய்து ஒப்பிட்டுப் பாருங்கள். சொந்த ஊரில் அரங்கு நிரம்பி வழியத் தொடங்கிய அதே அணி, ஆறு வாரங்கள் கழித்து, ஆயிரம் மைல்களுக்கு அப்பால் பத்தில் ஒன்பது பங்கு வெறுமையான அரங்கில் நின்றது.

அயல்வீட்டில் எண்பதைத் தாண்டிய ஒருவர் இருந்தார். மாலையில் வேலிக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நின்று, என் அரைகுறை ஆங்கிலத்தில், பேசிக்கொண்டிருப்போம். அவர்தான் விமானக் கதையைச் சொன்னார். விழாக் குழுவினர் தருவதாக ஒப்புக்கொண்ட செலவுப் பணத்துக்கான காசோலை வங்கியில் மாறும் என்பது உறுதியாகும் வரை, வீரர்களோடு லிங்கன் விமான நிலையத்தில் நின்ற விமானம் கிளம்பவில்லை. இதைச் சொல்லும்போது அவர் தம் சட்டைப் பையைத் தட்டிக் காட்டிச் சிரித்த சிரிப்பு எனக்கு நம்மூர்க் கழகச் செயலாளர் ஒருவரை நினைவூட்டியது. வான் வண்டி வாடகைக்கு மூன்று மாதமாக அலையும் செயலாளர் அவர்.

ஆட்டத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. விறைத்துப்போன தரையில், உறைநிலைக்கு வெகு கீழான குளிரில், மயாமியின் ஜோர்ஜ் மைரா எறிந்து சேர்த்த தூரம் மட்டும் 321 யார். நெப்ராஸ்காவின் வில்லி றோஸ் எதிரணி உதைத்த பந்தை ஏந்தி 92 யார் ஓடிப் புள்ளி சேர்த்தார். முடிவு 36க்கு 34, நெப்ராஸ்காவுக்கு வெற்றி. அதற்கு முன் இரண்டு கிண்ணங்களில் ஆடி இரண்டிலும் தோற்ற அந்த அணிக்கு அதுவே முதலாவது கிண்ண வெற்றி. பொப் டெவனி பயிற்றுநராகப் பொறுப்பேற்ற முதற் பருவமும் அதுவே. அவர் பிற்பாடு 1970இலும் 1971இலும் அதே அணியைத் தேசிய முதலிடத்துக்குக் கொண்டுபோனார். அப்படிப்பட்ட ஒரு நாளை மறுநாட் காலையில் தேநீரோடு வாசித்து அறிய நியூயோர்க்கில் ஒரு தாள் இல்லை.

ஏனென்றால் அதற்குச் சரியாக ஒரு வாரம் முன்பு, டிசெம்பர் 8 ஆம் திகதி, அந்நகரத்து அச்சுக்கோப்பாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கியிருந்தார்கள். பேர்ட்ரம் பவர்ஸ் என்பவர் அவர்களின் சங்கத்தலைவர். சம்பளமும் வேலைநேரமும் ஒரு பக்கம். தானாக எழுத்துக்கோக்கும் புதிய பொறிகள் தங்கள் சோற்றில் மண்ணைப் போட்டுவிடும் என்ற அச்சம் மறுபக்கம். சில பத்திரிகைகளுக்கு எதிராகத் தொடங்கிய வேலைநிறுத்தத்துக்கு மற்ற முதலாளிகளும் தங்கள் பத்திரிகைகளைத் தாமாகவே நிறுத்திப் பதில் சொன்னதால், நகரத்தின் ஏழு பெரிய நாளேடுகளும் ஒரே நேரத்தில் வாய்மூடின. 114 நாட்கள். மார்ச் 31 ஆம் திகதிதான் அது முடிவுக்கு வந்தது. தொலைதூரத்து இரு அணிகள், பெயர் ஊன்றாத ஒரு கிண்ணம், உறையும் குளிர். எந்த நாள், எத்தனை மணி, எந்த வாயில், சீட்டு என்ன விலை என்பதை வீட்டுப் படிக்கட்டில் கொண்டுவந்து போட ஒருவரும் இல்லை.

இங்கே நான் நியாயமாக ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இல்லையேல் விடயமறிந்த வாசகர் ஒருவர் அடுத்த வாரமே என்னைத் திருத்தி எழுதுவார். பத்திரிகை இல்லாததால் மட்டும் அரங்கு வெறுமையாகவில்லை. அதற்குச் சரியாகப் பதினைந்து நாள் கழித்து, டிசெம்பர் 30 ஆம் திகதி, அதே யாங்கி ஸ்ரேடியத்தில், அதே வேலைநிறுத்தம் நீடிக்கையில், காற்றோடு சேர்ந்த அதைவிடக் கொடிய குளிரில், தொழில்முறைக் கழகங்களின் இறுதியாட்டம் நடந்தது. நகரத்தின் சொந்த அணியான ஜயண்ட்ஸ், கிரீன்பே அணியிடம் 16க்கு 7 என்று தோற்றுப்போன அந்த ஆட்டத்துக்கு வந்தவர்கள் 64,892 பேர். 6,166 எங்கே, 64,892 எங்கே!

நான் இந்த இரண்டு எண்களையும் நெடுநாள் மனதில் வைத்து உருட்டிப் பார்த்திருக்கிறேன். ஊர்க்காரரின் சொந்த அணி ஆடுகிற, வேரோடிப்போன ஆட்டத்துக்குப் பத்திரிகை தேவையில்லை. அது எப்போது என்று எவரும் எவரையும் கேட்பதில்லை. சென். ஜோன்ஸ் கல்லூரியும் மத்திய கல்லூரியும் 1904 முதல் ஆடிவரும் ‘வடக்கின் பெரும்போர்’ என்ற துடுப்பாட்டப் போட்டி மார்ச் மாதத்தில் நடக்கும் என்பதை யாழ்ப்பாணத்தில் யாருக்கும் அறிவிக்க வேண்டியதில்லை. ரொரன்ரோவில் இருப்பவர் விமானச் சீட்டையே அதற்கேற்ப எடுக்கிறார். அறிவிப்பினாலேயே உயிர்வாழ வேண்டியவை வேரூன்றாத புதிய ஆட்டங்களும், வேர் இருந்தும் வசதியில்லாத சிறிய ஆட்டங்களும்தான். இது நியூயோர்க்குக்குப் பொருந்துவதை விட நமக்கு அதிகம் பொருந்துகிறது. என் மனத்தாங்கலும் இங்கேதான் தொடங்குகிறது.

மூன்று வருடங்களுக்கு முந்திய ஒரு கார்த்திகை ஞாயிறு. கரையோரக் கிராமமொன்றில், விலகல் முறையில் ஒன்றரை மாதமாக நடந்துவந்த உதைபந்தாட்டச் சுற்றுப்போட்டியின் இறுதியாட்டம். காலையிற் பெய்த மழையில் எல்லைக்கோடுகள் கரைந்துபோக, இரண்டு பொடியன்கள் பால்மாப் பேணியில் சுண்ணாம்பை நிரப்பித் தட்டித் தட்டிக் கோட்டைத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தார்கள். கிண்ணங்கள் வைத்த மேசைக்குப் பொலித்தீன் விரித்திருந்தது. வாடகைக்கு எடுத்த 200 பிளாஸ்ரிக் கதிரைகளில் பெரும்பாலானவை அடுக்கு அவிழ்க்கப்படாமலேயே நின்றன. வகுப்பில் இடாப்புக் கூப்பிட்ட பழக்கம் இன்னும் என்னை விட்டுப் போகாததால், இடைவேளையில் தலைகளை எண்ணிப் பார்த்தேன். அறுபத்துமூவர். நாயன்மார் தொகைக்கு அது சரி, இறுதியாட்டத்துக்குக் காணாது. ஆட்டம் முடிய நான்கு நிமிடம் இருக்கையில், மூலை உதையிலிருந்து தலையால் முட்டிப் போட்ட ஒரே கோலில் வெற்றி தீர்ந்தது. அந்தப் பையன் சட்டையைக் கழற்றிச் சுழற்றிக்கொண்டு ஓடினான். ஓடிப்போன பக்கத்தில் ஆரவாரிக்க ஆளில்லாததனால், சற்று நின்று யோசித்துவிட்டு, கதிரைகள் இருந்த பக்கம் திரும்பி வந்தான்.

திரும்பும் வழியில், மைதானத்திலிருந்து முந்நூறு மீற்றர் தூரங்கூட இல்லாத தேநீர்க் கடையொன்றில் ஏறினேன். பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். அத்தனை பேரும் அந்த ஊர்க் கடற்றொழிலாளர்கள்; அத்தனை பேரும் ஒரு காலத்தில் அதே மைதானத்தில் ஆடியவர்கள். அவர்களில் ஒருவர் என் காற்சட்டையில் இருந்த சேற்றைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “இண்டைக்கோ மாஸ்ரர் பைனல்? ஒருத்தரும் சொல்லேல்லையே. தெரிஞ்சிருந்தா வலை பொத்துறதை நாளைக்கு வச்சிருப்பமே.” மேசையில் அன்றைய பத்திரிகை கிடந்தது. மரண அறிவித்தல் பக்கம் பலர் கைபட்டுக் கசங்கியிருந்தது. விளையாட்டுப் பக்கத்தில் தேநீர்க் குவளையின் வட்டம் பதிந்திருந்தது. அந்த வட்டத்துக்குள் இங்கிலாந்துக் கழகங்கள் இரண்டின் ஆட்ட நேரம், இலங்கை நேரப்படி, தெளிவாக அச்சாகியிருந்தது. தங்கள் பத்திரிகைதானா என்று கேட்கவேண்டாம். எதை எடுத்திருந்தாலும் அன்று அதே செய்திதான்.

ஏற்பாட்டாளர்களைக் கேட்டபோது, முகநூலிற் போட்டோம், வட்ஸ்அப் குழுக்களுக்கு அனுப்பினோம் என்றார்கள். போட்டது உண்மைதான், நானும் பின்னர் பார்த்தேன். அந்த அறிவிப்புக்கு விருப்பம் தெரிவித்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் இலண்டனிலும் பாரிஸிலும் இருக்கிறார்கள். ஊரைவிட்டுப் போனவர்களுக்குத் தெரிந்த ஆட்டம், மைதானத்துக்குப் பக்கத்துக் கடையில் இருந்தவர்களுக்குத் தெரியவில்லை. கைப்பேசி தன் குழுவுக்குள் இருப்பவனுக்குத்தான் சொல்லும். தேநீர்க் கடை மேசையில் கிடக்கும் தாள் யாரென்று கேளாமல் எல்லோருக்கும் சொல்லும். பத்திரிகைக்கு ஏன் கொடுக்கவில்லை என்று கேட்டேன். கொடுத்ததாகவும், விளம்பரமாகக் கட்டணம் செலுத்தித் தரும்படி ஓர் அலுவலகத்திற் சொல்லப்பட்டதாகவும், கதிரை வாடகைக்கே கடன் வாங்கிய தங்களுக்கு அது இயலவில்லை என்றும் சொன்னார்கள்.

விளம்பர வருமானம் இல்லாமற் பத்திரிகை நடக்காது என்பதை அறியாதவன் அல்லன் நான். ஆனால் நமக்கு வேறொரு காலமும் நினைவிருக்கிறது. 1981இல் பொது நூலகத்தோடு ஈழநாடு பத்திரிகை அலுவலகமும் எரிந்தபோது, விடிந்ததும் கைக்கு வர ஒரு தாள் இல்லாத காலை எப்படியிருக்கும் என்பதை நாங்கள் கண்டோம். தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடையில், அச்சுத்தாள் கிடைக்காமல், கோடு போட்ட கொப்பித் தாளில் வந்த பத்திரிகையை வாசிகசாலையில் வரிசையில் நின்று வாசித்திருக்கிறோம். அந்த ஒடுங்கிய பக்கத்திலும், மரண அறிவித்தல்களுக்குக் கீழே, எந்த ஊரில் எந்தக் கழகங்கள் எத்தனை மணிக்கு ஆடுகின்றன என்று நான்கு வரி இருக்கும். மண்ணெண்ணெய் கலந்து ஓட்டிய மோட்டார் சைக்கிளில் மூன்று பேராக ஏறிப்போய் அந்த ஆட்டங்களைப் பார்த்தவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். அப்போது இருந்த இடம் இப்போது பதினாறு பக்கத்தில் இல்லை என்பதைத்தான் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

மார்கழி அழைப்புப் போட்டி யோசனைக்குத் திரும்புகிறேன். கொழும்பு அணியும் வெளிநாட்டு அணியும் ஆடும் ஆட்டத்தில் பாசையூரானுக்கும் இளவாலையானுக்கும் யாருக்காகக் கத்துவது என்று தெரியாது. நெப்ராஸ்காவையும் மயாமியையும் பார்த்து நியூயோர்க்கார் விழித்த விழிதான் அது. ஒரு பக்கத்திலாவது நமது லீக்கில் வென்ற அணி நிற்க வேண்டும். மாதத்தைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை: ஐப்பசியில் தொடங்கும் வடகீழ்ப் பருவமழை மார்கழி வரை எந்த விழாக் குழுவையும் கேட்டுப் பெய்வதில்லை. தை பிறந்த பின், துடுப்பாட்டப் பெரும்போர்கள் தொடங்குமுன், இரண்டு மூன்று வாரங்கள் இருக்கின்றன. வரும் கழகங்களுக்குப் பயணச்செலவு தருவதாயின், அது மேடையில் வாக்குறுதியாக அல்லாமல், வான் புறப்படுமுன் கழகத்தின் வங்கிக் கணக்கில் இருக்கட்டும். லிங்கன் விமான நிலையத்தில் காத்துநின்ற அந்த அதிகாரிகளை நான் ஒருபோதும் பிழை சொல்லமாட்டேன்.

புதிய கிண்ணம் வரட்டும், வராமற் போகட்டும். அதற்கு முன்பாக, ஏற்கெனவே இருக்கிற ஆட்டங்களுக்காகத் தங்களிடம் ஒன்று கேட்கிறேன். வெள்ளிக்கிழமை இதழில், விளையாட்டுப் பக்கத்தின் எந்த மூலையிலாவது, ஆறு வரிக்கு மேற்படாத ஒரு கட்டம். ஊர், மைதானம், ஆடும் கழகங்கள், நாள், நேரம், மழை வந்தால் மாற்று நாள் எது என்பவை மட்டும். படம் வேண்டாம், பிரமுகர் பெயர் வேண்டாம், அனுசரணையாளர் பெயரும் வேண்டாம்; அவற்றைச் சேர்க்கத் தொடங்கினால் ஆறு வரி அறுபதாகிவிடும். கட்டணம் எதுவும் அறவிடாமல் இதை வெளியிட வேண்டும் என்பது என் வேண்டுகோள். இந்த விவரங்களைத் திரட்ட ஆளில்லை என்று தங்கள் செய்திப் பிரிவினர் சொல்லக்கூடும். அது நியாயமான மறுப்புத்தான். ஆகவே அதற்கும் ஒரு வழி செய்திருக்கிறேன். எங்கள் பகுதிக் கழகச் செயலாளர்கள் ஆறு பேர், ஒவ்வொரு புதன்கிழமையும் இரவுக்குள் தத்தம் ஆட்ட விவரங்களை என் வீட்டில் எழுதித் தந்துவிடுவதாக ஒப்புக்கொண்டுள்ளார்கள். அவற்றை நான் ஒழுங்குபடுத்தி, சந்திப்பிழை ஒற்றுப்பிழை பார்த்து, வியாழக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்குள் சைக்கிளிற் கொண்டுவந்து தங்கள் அலுவலக வாசலில் ஒப்படைக்கிறேன்.

வரும் வாரத்துக்கான ஆறு வரிகளைத் தனித்தாளில் எழுதி இக்கடிதத்தோடு இணைத்திருக்கிறேன். நான்காவது வரியில் உள்ள ஆட்டத்தின் நேரம் மட்டும் மூன்று மணியா மூன்றரையா என்று இன்னும் உறுதியாகவில்லை. புதன் இரவு தெரிந்துவிடும்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர்,
நாவாந்துறை, யாழ்ப்பாணம்.